பிள்ளைப்பேற்றுக்கு அப்பால்: யாழ்ப்பாணத்துப் பெண்களின் உடல்நலமும் உழைப்பும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒரு பெண்ணின் உடம்பை வீடே கூடி நின்று பேணும் காலங்கள் இரண்டு. பிள்ளை பெரியபிள்ளையானதும் உழுத்தங்களி கிண்டப்படும். நல்லெண்ணெயும் முட்டையும் நாள் தவறாமல் கொடுக்கப்படும். பாரம் தூக்கவோ வெயிலில் நிற்கவோ எவரும் விடமாட்டார்கள். பின்னர் அவள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வரும்போது மிளகு, மல்லி, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்துச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்கப்படும். துடக்குக் கழியும்வரை அடுப்படிப் பக்கம் போக விடமாட்டார்கள். இவ்விரு காலங்களிலும் காட்டப்படும் அக்கறை உண்மையானது. தலைமுறை தலைமுறையாகப் பெண்களே பெண்களுக்குக் கையளித்து வந்த அறிவு அதிலே இருக்கிறது. ஆனால் இவ்விரண்டையும் விட்டால், உழைத்து உழைத்துக் கழியும் முப்பது நாற்பது ஆண்டுகளில், அதே வீடு அவளை எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு மிஞ்சியதைக் கடைசியாகச் சாப்பிடுபவளாகவே வைத்திருக்கிறது. நாரி, அதாவது இடுப்பு, நோகிறது என்றால் இரண்டு பனடோலும், தலைச்சுற்று என்றால் ஒரு பிளேன்டீயும் போதுமென்று அவளே தீர்மானித்துக்கொள்கிறாள்.

இதற்காக வீடுகளை மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கையின் பொதுச் சுகாதாரத் துறையும் பெண்ணை ஏறத்தாழ இதே கண்ணோடுதான் பார்க்கிறது. கர்ப்பிணியாகப் பதிவு செய்த நாளிலிருந்து குடும்பநல உத்தியோகத்தர் அவளைத் தேடி வீட்டுக்கு வருகிறார்; கிளினிக் கொப்பியில் நிறையும் இரத்த அழுத்தமும் சலப் (சிறுநீர்ப்) பரிசோதனையும் குறிக்கப்படுகின்றன; இரும்புச்சத்து, போலிக்கமில, கல்சியக் குளிசைகளும் திரிபோஷ என்னும் சத்துமாவும் இலவசமாகக் கிடைக்கின்றன; பிரசவம் முடிந்து முதல் பத்து நாட்களுக்குள் தாயையும் பிள்ளையையும் பார்க்க உத்தியோகத்தர் இரண்டு தடவையாவது வரவேண்டுமென்பது நடைமுறை. பிள்ளை வளர்ந்து பாடசாலைக்குப் போனபின் அந்தக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. அதே பெண் முப்பத்திரண்டு வயதில் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும்போதோ, நாற்பத்தைந்து வயதில் வகுப்பறையில் நாள் முழுவதும் நின்று படிப்பிக்கும்போதோ, அவளது உடம்பு எப்படி இருக்கிறதென்று கேட்டு வீட்டுப் படலையைத் திறந்து எவரும் வருவதில்லை.

தாய்மைக்கு வெளியேயும் பெண்ணுக்கு உடம்பு உண்டு. அந்த உடம்பின் மீதுதான் வடக்கின் பொருளாதாரத்தில் பெரும்பகுதி நிற்கிறது. ஆகவே பெண்களின் உடல்நலத்தைக் கருணைக்கான விடயமாக மட்டும் கருதாமல், வீதி, மின்சாரம், நீர்ப்பாசனம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்துத் திட்டமிட வேண்டிய ஒன்றாகக் கருத வேண்டும். இதற்கான சான்றைத் தேடி நாம் வெளியூர் போகத் தேவையில்லை. அது இலங்கையின் கடந்த காலத்திலேயே இருக்கிறது.

1940களில் நடந்தது

1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார் பிரசவத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ முப்பது. இந்த வீழ்ச்சியின் மிகப் பெரிய பகுதி 1946இற்கும் 1953இற்கும் இடைப்பட்ட ஒரு சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. மலேரியாவைக் கட்டுப்படுத்தியமை, பெனிசிலின் போன்ற மருந்துகளின் வருகை, பிரசவ விடுதிகளும் அம்புலன்ஸ் வண்டிகளும் கிராமங்களை எட்டியமை என்பவற்றோடு, இன்று குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் பயிற்றப்பட்ட மருத்துவமாதரின் எண்ணிக்கை பெருகியதும் இதற்குக் காரணம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, வீட்டுக்கு வீடு போகும் மருத்துவமாதை அரச சேவையின் அடித்தளமாக ஆக்கியிருந்தது.

யாழ்ப்பாணம் இந்த விடயத்தில் இன்னும் பழைய ஊர். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலையும் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நடத்தினார். ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசிய பெண்களுக்காக, 19ஆம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. கூச்சத்தை ஒரு தடையாக ஏற்று, அதற்கேற்பச் சேவையை அமைத்த அந்த ஏற்பாட்டை இப்போதைய திட்டமிடலாளர் திரும்பிப் பார்ப்பது நல்லது.

பிரசவ மரணம் குறைந்ததால் பொருளாதாரத்துக்கு என்ன நடந்தது? சீமா ஜெயச்சந்திரன், அட்ரியானா யேராஸ் மியூனி என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இதே கேள்வியை இலங்கையின் மாவட்டத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தது. எந்த மாவட்டங்களில் தாய்மார் இறப்பு வேகமாகக் குறைந்ததோ, அந்த மாவட்டங்களில் பெண்பிள்ளைகளின் எழுத்தறிவும் படிப்பு ஆண்டுகளும் ஆண்பிள்ளைகளோடு ஒப்பிடுகையில் கூடுதலாக உயர்ந்தன என்பது அவர்களின் முடிவு. எதிர்பார்க்கக்கூடிய ஆயுளில் ஒவ்வொரு ஆண்டு கூடும்போதும் பெண்களின் படிப்புக் காலம் ஏறத்தாழ மூன்று வீதம் கூடியது. பெண்பிள்ளை பிரசவத்தில் செத்துப்போவாள் என்னும் அச்சம் விலகியபோது, அவளைப் படிக்க வைக்கும் செலவு வீண்போகாதென்று பெற்றோர் எண்ணத் தொடங்கினார்கள். சாகாமல் இருக்கப்போகிற பிள்ளைக்குத்தான் கல்வி ஒரு முதலீடு. வைத்தியசாலைச் செலவாகக் கணக்கில் எழுதப்பட்ட பணம் இருபது ஆண்டுகளுக்குப் பின் படித்த பெண்களாகத் திரும்பி வந்தது.

ஆனால் படித்த அந்தப் பெண்கள் வேலைக்குப் போனார்களா என்றால், போதிய அளவில் போகவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாகப் படிக்கிறார்கள். இருந்தும், தொழிற்படையில் பங்குபற்றும் பெண்களின் வீதம் அண்மைய ஆண்டுகளில் முப்பதுக்கும் முப்பத்தேழுக்கும் இடையிலேயே நின்றுவிட்டது. ஆண்களின் வீதம் எழுபதை அண்டியுள்ளது. வீட்டுப் பொறுப்பு, பிள்ளை பார்க்க ஆளின்மை, பேருந்துகளில் நேரும் தொல்லை, குறைந்த சம்பளம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. உடல்நலம் ஒன்றே காரணமென்று சொன்னால் அது பிழையாகும். ஆயினும் மற்றக் காரணங்கள் பேசப்படும் அளவில் பாதியளவுகூட உடல்நலம் பேசப்படுவதில்லை. வேலையை விட்டு நின்ற பெண்ணிடம் காரணம் கேட்டால் 'வீட்டு வேலை' என்று படிவத்தில் எழுதப்படுகிறது. அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருக்கும் நாரி நோவும் இரத்தக் குறைவும் எங்கும் எழுதப்படுவதில்லை.

இரத்தக் குறைவின் விலை

களைப்பு என்று நம் பெண்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பவற்றில் முதன்மையானது இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் குருதிச்சோகை. கர்ப்பமுறாத பெண்ணுக்கு இரத்தத்தின் ஒரு டெசிலீற்றரில் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறைவாக ஈமோகுளோபின் இருந்தால் அது குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் 15 முதல் 49 வயதுக்கு இடைப்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு மூன்று பேருக்கு இக்குறைபாடு உண்டு. மாதவிடாயால் மாதந்தோறும் இரும்பை இழக்கும் பெண்ணுக்கு, ஆணுக்குத் தேவைப்படுவதைப் போல் இரு மடங்குக்கும் மேல் இரும்புச்சத்து உணவிலிருந்து கிடைக்க வேண்டும். ஆனால் அவளது கோப்பையில்தான் மீன்துண்டு சிறியது.

இந்தக் குறைபாடு உழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதற்கும் இலங்கையிலிருந்தே ஒரு சான்று உண்டு. தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் செய்யப்பட்டு 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்தும் மற்றப் பகுதியினருக்கு வெறுங் குளிசையும் கொடுக்கப்பட்டன. இரும்புச்சத்து எடுத்த பெண்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் நிறை கூடியது. இரத்தக் குறைவு கூடியவர்களிடமே முன்னேற்றமும் கூடுதலாகத் தெரிந்தது. அத்தோடு அவர்கள் நாள் முழுவதும் முன்னைவிடச் சுறுசுறுப்பாக நடமாடினார்கள் என்பதும் பதிவாகியது. இந்தக் கடைசி விடயத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கொழுந்தின் நிறை முதலாளிக்குரிய கணக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் பிள்ளையோடு இருந்து கதைக்கவும் கோயிலுக்குப் போய்வரவும் உடம்பில் தெம்பு மிஞ்சுவது எந்தத் தேசிய கணக்கிலும் வராத செல்வம்.

நம் அடுக்களையிலும் இதற்குரிய மருந்தில் பாதி கிடக்கிறது. வேலியில் முருங்கை நிற்கிறது. எள்ளும் குரக்கனும் பயறும் கடலையும் ஊரிலேயே விளைகின்றன. சிறுமீனும் நெத்தலியும் கடற்கரை ஊர்களில் மலிவு. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், இலைகளிலும் தானியங்களிலும் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ அந்த உறிஞ்சலைக் கூட்டுகிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடியுங்கள் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வதற்கு அரசாங்கம் எந்தப் பெருந்திட்டமும் வகுக்கத் தேவையில்லை. அதைச் சொல்வதற்கு ஒருவர் அவளைச் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவுப் பணவீக்கம் அந்த ஆண்டு செப்டெம்பரில் தொண்ணூறு வீதத்தைத் தாண்டியபோது, முட்டையும் மீனும் பருப்பும் முதலில் எவருடைய கோப்பையிலிருந்து போயின என்பதை ஒவ்வொரு வீடும் அறியும். விலை பின்னர் ஏறும் வேகம் குறைந்தது. ஆனால் அந்த மாதங்களில் குறைந்துபோன இரத்தம் தானாக மீண்டுவிடாது.

தோட்டத்திலும் கடையிலும்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயம் நடுவதும் களை பிடுங்குவதும் கிண்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. காலையில் வெயில் ஏறுமுன் தொடங்கி, பாத்திக்குப் பாத்தி குந்தியிருந்தபடியே நகர்ந்து நகர்ந்து செய்யும் வேலை அது. முழங்காலும் நாரியும் ஒரே மடிப்பில் மணிக்கணக்காக நிற்கின்றன. ஒரே தோட்டத்தில் ஆணுக்குக் கொடுக்கும் நாட்கூலியைவிடப் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுப்பது இன்னும் பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. ஆனால் நான் இங்கே சொல்ல விரும்புவது கூலியைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றி. தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தும் அந்தப் பெண்கள் மதியம்வரை குடிப்பதில்லை. குடித்தால் சலம் போக வேண்டும். போவதற்கு மறைவிடம் இல்லை. ஆண்களும் அதே தோட்டத்தில் நிற்கிறார்கள். ஆகவே தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். மாதவிடாய் நாட்களிலோ துணி மாற்ற இடமில்லாமல் ஒன்றையே காலையிலிருந்து மாலைவரை வைத்திருக்கிறார்கள், அல்லது அந்த நாட்களில் வேலைக்கே போவதில்லை.

இதன் விளைவு சலக்கடுப்பு. சலத்தில் கிருமித் தொற்று ஆணைவிடப் பெண்ணுக்கு எளிதில் வரக்கூடியது. தண்ணீர் குடிக்காமலும் சலத்தை அடக்கிவைத்தும் இருந்தால் அது திரும்பத் திரும்ப வரும். முதலில் இளநீரும் வெந்தயத் தண்ணீரும் குடித்துப் பார்ப்பார்கள். பிறகு காய்ச்சலும் விலாப் பக்கத்து நோவும் வந்தபின்தான் வைத்தியரிடம் போவார்கள். அப்போது ஒரு நாளோடு போயிருக்க வேண்டிய கூலி ஒரு கிழமைக் கூலியாகப் போய்விடுகிறது. மூன்று தகரத்தையும் ஒரு குழியையும் கொண்டு கட்டக்கூடிய ஒரு மலசலகூடம் இல்லாததால் தோட்டக்காரருக்கும் நட்டம், கூலிக்காரிக்கும் நட்டம், மருந்து கொடுக்கும் அரச வைத்தியசாலைக்கும் நட்டம். பொருளாதாரம் என்று பெரிதாகச் சொல்லப்படுவது இறுதியில் இத்தகைய சிறு நட்டங்கள் நாள்தோறும் சேர்ந்த தொகைதான்.

கடற்கரைப் பக்கத்துக் கதை வேறு உருவம் எடுக்கிறது. மீன் தரம் பிரிக்கும் இடங்களிலும் நண்டுச் சதை எடுக்கும் கூடங்களிலும் பெண்கள் ஈரத்தரையில் மணிக்கணக்காக நிற்கிறார்கள், பனிக்கட்டியில் கைவைத்து விரல்கள் விறைக்கின்றன, நகக்கண்கள் புண்ணாகின்றன. கருவாடு காயவைப்பவர்கள் உச்சி வெயிலில் உப்புக்கும் சூட்டுக்கும் நடுவில் குனிந்து நிமிர்கிறார்கள். யாழ் நகரத்துப் புடவைக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் இளம்பெண்கள் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு கடை பூட்டும்வரை நிற்கிறார்கள். வாடிக்கையாளர் வராத நேரத்திலும் கதிரையில் இருந்தால் முதலாளி முகம் மாறும். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அமர இருக்கை கொடுக்க வேண்டுமென்று கட்டாயமாக்கினார்கள். கேரளத்தில் அதற்கு முன்னரே 2018இல் செய்தார்கள். கதிரை கேட்டுப் போராடியவர்கள் பெண்கள் என்பதையும் அது ஒரு சட்டசபைவரை போய் வென்றது என்பதையும் இங்கு நினைவுபடுத்துவது தகும். காலில் நரம்பு சுருண்டு தடிப்பதும் நாரிப் பிடிப்பும் இருபத்தைந்து வயதில் தொடங்கினால், நாற்பது வயதில் அவள் எந்த வேலைக்கும் உரியவளாக இருக்கமாட்டாள்.

மாதவிடாய் அணையாடையின் விலையும் இதே பட்டியலில் வருகிறது. 2018இற்கு முன் இறக்குமதியான அணையாடைகளின் மீது விதிக்கப்பட்ட வரிகளைக் கூட்டினால் அது நூறு வீதத்தைத் தாண்டியிருந்தது. பின்னர் வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2024இல் பாடசாலை மாணவியருக்கு அணையாடை வாங்கப் பற்றுச்சீட்டு வழங்கும் திட்டமும் வந்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் பாடசாலையை விட்டு வேலைக்குப் போன பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பற்றுச்சீட்டு இல்லை.

சட்டம் யாரைச் சேர்கிறது

பிரசவ விடுமுறை பற்றிய சட்டம் இலங்கையில் மிகப் பழையது. பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டுக்குரியது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் எண்பத்து நான்கு நாள் விடுமுறை தனியார் துறையிலும் உறுதிப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் மூன்றாவது பிள்ளையிலிருந்து அது பாதியாக இருந்தது. இது பெருமைப்பட வேண்டிய சட்டம். ஆனால் அந்த நாட்களுக்குரிய சம்பளம் முழுவதையும் தொழில்தருநர் ஒருவரே சுமக்கிறார். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய அச்சகத்துக்கோ தையல் நிலையத்துக்கோ இது பாரமாகத் தெரிகிறது. ஆகவே நேர்முகத் தேர்வில் கலியாணம் எப்போது என்று கேட்கிறார்கள், புதிதாகக் கலியாணம் முடித்தவளைத் தவிர்க்கிறார்கள். சட்டம் காக்க வந்த பெண்ணையே அது வாசலில் நிறுத்திவிடுகிறது. பல நாடுகளில் இச்செலவு சமூகக் காப்புறுதி நிதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் எல்லாத் தொழில்தருநரும் பணம் கட்டும் ஒரு நாட்டில், பிரசவ விடுமுறைச் செலவையும் அவ்வாறே எல்லார் மீதும் சிறிது சிறிதாகப் பகிர்வது முடியாத காரியமல்ல.

வெங்காயத் தோட்டத்துப் பெண்ணுக்கோ இந்தச் சட்டமே எட்டாது. அவளுக்குச் சம்பளச் சிட்டை இல்லை, சேமலாப நிதி இல்லை, தொழில்தருநர் என்று ஒருவரும் இல்லை. போருக்குப் பின் வடக்கில் கணவனை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடியபடியோ குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களில் பெரும்பகுதியினர் இந்த வகையினர். அவர்களுடைய வீடுகளில் உழைக்கும் உடம்பு ஒன்றே ஒன்று. அது படுத்துவிட்டால் அன்றிரவு அடுப்பு எரியாது. கிழமைக் கணக்கில் கட்ட வேண்டிய நுண்கடன் தவணை தவறும். தவணை தவறிய பெண்ணின் நித்திரையும் தவறும். மனநலம் என்று தனியாகப் பிரித்துப் பேசப்படுவது இங்கே கடனோடும் இழப்போடும் உடல் நோவோடும் பின்னிக் கிடக்கிறது. 'நெஞ்சுக்குள்ள பாரமா இருக்கு' என்று சொல்லிக்கொண்டு வருபவளை இருதயப் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது போதிய சிகிச்சையாகாது.

முப்பத்தைந்துக்குப் பின்

பிள்ளைப்பேற்றோடு நின்றுவிடாத ஒரு முயற்சியும் நாட்டில் இல்லாமல் இல்லை. 1996இலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நலமுள்ள பெண்களுக்கான கிளினிக்குகள் நடத்தப்படுகின்றன. முப்பத்தைந்து வயதான பெண்களை முதன்மையாக அழைத்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கும் ஏற்பாடு அது. 2017இலிருந்து ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இப்புற்றுநோயை உண்டாக்கும் மனித பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசியும் பாடசாலையிலேயே போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை ஒழிக்கும் வழியாக உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு, பெண்பிள்ளைகளில் 90 வீதத்தினருக்குத் தடுப்பூசி, 70 வீதப் பெண்களுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறையும் நாற்பத்தைந்துக்குள் இன்னொருமுறையும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 வீதத்தினருக்குச் சிகிச்சை என்பதாகும். தடுப்பூசியைப் பொறுத்தவரை நம் பாடசாலைகள் அதற்குத் துணை நிற்கின்றன. பரிசோதனைக்குத்தான் பெண்கள் போதியளவு வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்று பார்த்தால், அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது பெண்களுக்கு அநீதி. கிளினிக் வேலைநாட்களில், பகல் நேரத்தில் நடக்கிறது. நாட்கூலிக்குப் போகும் பெண் அங்கே போனால் அன்றைய கூலி இல்லை. ஆசிரியைக்கு விடுமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். கூச்சம் இன்னொன்று: நோயில்லாத உடம்பை ஏன் காட்ட வேண்டும் என்னும் எண்ணம், பப் பரிசோதனை நோகும் என்னும் பயம், முடிவு என்ன வருமோ என்ற அதைவிடப் பெரிய பயம். உண்மையில் அது சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை. கருப்பைக் கழுத்திலிருந்து மென்மையாகச் சுரண்டியெடுத்த கலங்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, புற்றுநோயாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த நிலையில் சிகிச்சை எளிது. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் மார்புப் புற்றுநோயிலும் நேரத்தே கண்டால் பிழைப்பது நிச்சயத்தை அண்டியது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருப்பதால் முன்னைப்போல் எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு அருகே மகரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் பிந்திப் போனால் எங்கே போயும் பயன் குறைவு.

சீனி வருத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் இரத்தச் சீனி கூடிய பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தபின் அது பெரும்பாலும் குறைந்துவிடும். எல்லாம் சரியென்று அவளும் விட்டுவிடுவாள். ஆனால் அத்தகைய பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். அவளுடைய கிளினிக் கொப்பியில் அந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. கொப்பி அலுமாரிக்குள் போனபின் அதை வாசிப்பவர் இல்லை. கொப்பி மூடப்படாமல் அவள் ஐம்பதைத் தாண்டும்வரை தொடர்ந்தால், சிறுநீரகமும் கண்ணும் பழுதாகி வேலையை விடும் ஒரு பகுதியினரையாவது காப்பாற்றலாம். மாதவிடாய் நிற்கும் ஐம்பதை அண்டிய வயதில் வரும் உடற்சூடும் நித்திரையின்மையும் எலும்புத் தேய்வும் பற்றி நம் அலுவலகங்களில் பேச்சே கிடையாது. பாடசாலை அதிபர், வங்கி முகாமையாளர் போன்ற உயர் பொறுப்புகளுக்குப் பெண்கள் வந்து சேரும் வயதும் அதுவேயாக இருக்கிறது.

உலக அளவிலும் கணக்கு இதே பக்கம்தான் சாய்கிறது. 2024 சனவரியில் உலகப் பொருளாதார மன்றமும் மக்கின்சி சுகாதார நிறுவகமும் வெளியிட்ட அறிக்கை, பெண்கள் தம் வாழ்நாளில் ஆண்களைவிட 25 வீதம் கூடுதலான காலத்தைச் சுகவீனத்தில் கழிக்கிறார்கள் என்றும், இந்த இடைவெளியை மூடினால் 2040அளவில் ஆண்டொன்றுக்கு ஒரு திரில்லியன் டொலராவது உலகப் பொருளாதாரத்தில் சேரும் என்றும் மதிப்பிட்டது. இந்தச் சுகவீனத்தில் ஏறத்தாழப் பாதி உழைக்கும் வயதில் வருவது என்பதே அந்தக் கணக்கின் உயிர். பெண்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள், ஆகவே அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று ஆயுட்கால எண்ணைப் பார்த்து ஆறுதலடைவது எவ்வளவு தவறென்பது இதிலிருந்து விளங்கும். இலங்கையிலும் பெண்கள் ஆண்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். அந்தக் கூடுதல் ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பதே கேள்வி.

வடக்கில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, எழுபது எண்பது வயதுத் தாய்மார் இங்கே தனித்திருக்கிறார்கள். அவர்களைத் தூக்கிப் பிடித்துக் குளிப்பாட்டி மருந்து கொடுப்பவர்கள் ஐம்பது வயதைத் தொட்ட வேறு பெண்கள்: சிலர் மகளோ மருமகளோ, சிலர் சம்பளத்துக்கு வருபவர்கள். மாகாணத்தில் வேகமாகப் பெருகும் தொழில்களில் இந்தப் பராமரிப்பு வேலையும் ஒன்று. அது முழுவதும் பெண்ணின் நாரியின் மேல் நடக்கிறது. தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், பராமரிப்பாளர் என்று எல்லாருடைய நலத்தையும் காப்பவர்களும் பெண்களே என்பதால், அவர்களுடைய நலம் குன்றினால் சுகாதாரத் துறையே தொழிலாளரை இழக்கிறது.

இவற்றில் எதைச் செய்ய வேண்டுமானாலும் கொழும்பைக் கேட்க வேண்டுமென்ற எண்ணம் நம்மிடம் பரவலாக உண்டு. பிரசவ விடுமுறைச் செலவைப் பகிரும் நிதிக்கும், தொழிற் சட்டத் திருத்தத்துக்கும் அது பொருந்தும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் மத்திய அமைச்சின் கீழே இருக்கிறது. ஆனால் மாகாண சபைகளை உருவாக்கிய 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும், தெல்லிப்பழை போன்ற ஆதார வைத்தியசாலைகளும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. 2018இல் மாகாண சபையின் காலம் முடிந்தபின் தேர்தல் நடைபெறாமல் ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்தாலும், திணைக்களம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நலமுள்ள பெண்களுக்கான கிளினிக்கை மாதத்தில் ஒரு சனிக்கிழமையோ பின்னேரத்திலோ நடத்துவதும், வெங்காயம் கிண்டும் காலம் முடிந்த கிழமைகளில் அதைத் தோட்டத்து ஊர்களுக்கே கொண்டுபோவதும், கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த பெண்களின் பெயர்களைப் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து ஆண்டுக்கொருமுறை இரத்தம் சோதிக்க அழைப்பதும், ஈமோகுளோபின் பார்க்கும் சிறு கருவியோடு நண்டுக் கூடத்துக்கும் புடவைக்கடைத் தெருவுக்கும் ஒரு உத்தியோகத்தரை அனுப்புவதும் யாழ்ப்பாணத்திலேயே தீர்மானிக்கக்கூடியவை. இதற்கு ஆளணி வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும். ஏற்கெனவே ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றும் குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் இன்னொரு பதிவேட்டை மட்டும் ஏற்றிவிடாமல், அவருக்கு உதவியாளரும் கொடுக்க வேண்டும். மாகாணத்தின் அடுத்த வரவுசெலவு மதிப்பீடு தயாராகும்போது இந்தச் செலவுகள் சுகாதாரத்தின் கீழ் மட்டுமன்றி விவசாயத்தின் கீழும் கடற்றொழிலின் கீழும் எழுதப்படலாம். பயனைப் பெறுவது அந்தத் துறைகளும்தான்.